முன்மேடைக்கு வந்த முழவு

மேனாட்டுச் சங்கீத மண்டபம் ஒன்றில் ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பெரிய வாத்தியக் குழு அமரும் முறையைக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். நடத்துநருக்கு மிக அருகில், அவருடைய இரு புறமும், வயலின், வியோலா, செல்லோ முதலிய தந்தி வாத்தியக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னே குழல் வாத்தியங்கள். அவற்றுக்கும் பின்னே பித்தளை ஊது வாத்தியங்கள். எல்லோருக்கும் கடைசியில், பின்சுவரை ஒட்டினாற்போல, முழவுகளும் தாளங்களும். அங்கே நிற்கும் கலைஞர் சில உருப்படிகளில் நூறு ஆவர்த்தங்களுக்கு மேல் மௌனமாக எண்ணிக்கொண்டு நின்று, ஒரே ஒரு முறை பெருந்தாளத்தை மோதி ஒலிக்கச் செய்துவிட்டு, மறுபடியும் எண்ணத் தொடங்குவார். அந்த ஒரு மோதல் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அத்தனை பேருடைய உழைப்பும் வீணாகிவிடும். எனினும், நிகழ்ச்சி முடிந்த பிறகு அவர் முகத்தை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

நம்முடைய கர்நாடக சங்கீத மேடையில் முழவுக்கு இதைவிடப் பெருமையான இடம் உண்டு. மிருதங்க வித்வான் பாடகரின் பக்கத்திலேயே அமர்கிறார். முதல் வர்ணத்திலிருந்து மங்களம் வரையில் கூடவே வருகிறார். நடுவில் தனி ஆவர்த்தனம் என்று அவருக்கே உரிய ஒரு பகுதியும் ஒதுக்கப்படுகிறது. ஆயினும் அவருக்கு நாம் வழங்கும் பெயர் 'பக்கவாத்தியம்' என்பதே. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்கக் கலைஞருக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டது 1966-ஆம் ஆண்டில்தான். பாலக்காடு மணி ஐயர் அதைப் பெற்றார். பாட்டும் தந்தியும் தலைமை தாங்க, தோலும் உலோகமும் துணைநிற்க வேண்டும் என்ற எண்ணம், கீழ்நாடு மேல்நாடு என்ற வேறுபாடின்றி, நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றி, முழவுக் கலைஞரை முன்மேடையில் தனியே நிறுத்தி, முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் அவருக்குப் பக்கவாத்தியமாக ஆக்கினால் என்ன நிகழும்? இந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்த இசைவடிவமே முழவுக்கான கன்சர்ட்டோ. அது எவ்வாறு தோன்றியது, அதில் எத்தகைய சிக்கல்கள் எழுகின்றன, அதைக் கேட்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் கன்சர்ட்டோ என்னும் சொல்லைப் பற்றி. ஒரு தனி வாத்தியத்துக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் இடையே நடக்கும் உரையாடலாக அமைந்த நீண்ட உருப்படிக்கு மேனாட்டார் இட்ட பெயர் இது. பெரும்பாலும் விரைவு, விளம்பம், விரைவு என்று மூன்று பகுதிகளாக இது அமையும். இடையில் ஆர்க்கெஸ்ட்ரா ஓய்ந்து நிற்க, தனிக் கலைஞர் மட்டும் தம் திறமை முழுவதையும் காட்டி வாசிக்கும் 'கடென்ஸா' என்ற பகுதி வரும். நம்முடைய தனி ஆவர்த்தனத்தை நினைவூட்டுவது அது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தின்போது பாட்டு நின்றுவிடுகிறது; கை தாளம் போடுகிறது; லயம் மட்டுமே பேசுகிறது. கன்சர்ட்டோவிலோ, கடென்ஸா நீங்கலான மற்ற நேரமெல்லாம் ஆர்க்கெஸ்ட்ரா வாய்மூடி நிற்பதில்லை. அது எதிர்வாதம் செய்கிறது; ஒத்துப்பாடுகிறது; சில வேளைகளில் தனிக் கலைஞரை மூழ்கடிக்கவும் முயல்கிறது. அவர் அதனோடு போராடி வெளிவர வேண்டும். இந்தப் போராட்டமே கன்சர்ட்டோவின் உயிர்நாடி.

இத்தகைய போராட்டத்தில் வயலினையோ பியானோவையோ நிறுத்துவது மேனாட்டாருக்குப் பழகிய செய்தி. முழவை நிறுத்த அவர்கள் துணிவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அதற்குக் காரணம் முழவு அங்கே வந்து சேர்ந்த வழி. டிம்பனி எனப்படும் கிண்ண வடிவமான செம்பு முழவுகள், மேற்கு ஆசிய நாடுகளில் குதிரைப் படையோடு சென்ற நக்காரா முழவின் வழித்தோன்றல்கள். நம் நாட்டில் அரண்மனை வாயில்களிலும் கோயில்களிலும் முழங்கிய நகராவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரிலேயே உறவு தெரிகிறது. ஐரோப்பிய அரசவைகளில் டிம்பனியும் எக்காளமும் இணைபிரியாத் தோழர்களாக இருந்தன. ஆர்க்கெஸ்ட்ராவில் இடம்பெற்றபோது, இரண்டு டிம்பனிகளை ஷட்ஜத்துக்கு ஒன்றும் பஞ்சமத்துக்கு ஒன்றுமாகச் சுருதி கூட்டி, பாட்டின் உச்சத்தில் முழங்கச் செய்வதே வழக்கமாயிற்று. பெரிய டிரம், பெருந்தாளம், முக்கோண மணி ஆகியவை துருக்கிய ராணுவ இசையின் மீது ஐரோப்பியருக்கு ஏற்பட்ட மோகத்தால் பதினெட்டாம் நூற்றாண்டில் உள்ளே நுழைந்தன. போர்முரசு என்ற பழைய நினைவு அவற்றை விட்டு எளிதில் நீங்கவில்லை.

ஆங்காங்கே சில விதிவிலக்குகள் இருந்தன. 1795-இல் லண்டனில் அரங்கேறிய ஹைடனின் 103-ஆவது சிம்பனி, டிம்பனியின் தனி உருட்டலோடு தொடங்குகிறது. 1806-இல் அரங்கேறிய பீத்தோவனின் வயலின் கன்சர்ட்டோ, வயலினால் அன்று, டிம்பனியின் நான்கு மெல்லிய தட்டுகளால் தொடங்குகிறது. அந்த நான்கு தட்டுகள் பின்னர் உருப்படி முழுவதிலும் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆயினும் இவை அத்திபூத்தாற்போல நிகழ்ந்தவை.

இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைமை மாறியது. பிரெஞ்சுச் சங்கீத கர்த்தாவான தாரியுஸ் மீயோ, 1929-30-ஆம் ஆண்டுகளில், முழவுகளுக்கும் சிறிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக ஒரு கன்சர்ட்டோவை எழுதினார். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்த ஓர் ஊரில் முழவுக் கலைப் பள்ளி நடத்திவந்த ஓர் ஆசிரியருக்காக எழுதப்பட்டது அது. டிம்பனி, பக்க டிரம்கள், காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம், தாளம், முக்கோணம், மரக்கட்டை, காஸ்டனெட் முதலிய பல வாத்தியங்கள் அதில் உண்டு; அத்தனையையும் வாசிப்பவர் ஒருவரே. அக்காலத்தில் ஒருவரே பல முழவுகளை வாசிப்பது என்றால் ஜாஸ் சங்கீதம்தான் எல்லோருடைய நினைவுக்கும் வரும். மீயோவுக்கு ஜாஸில் ஈடுபாடு இருந்தபோதிலும், இந்தக் கன்சர்ட்டோவில் அந்தச் சாயல் படியாதவாறு கவனமாக விலக்கி, உணர்ச்சி மிகுந்த நாடகத் தன்மையையே நாடினார். முழுவதும் வாசிக்க எட்டு நிமிடங்கள்கூட ஆகாத சிறிய உருப்படி அது. எனினும் கதவைத் திறந்துவிட்டது அதுவே. அதன் பின், 1933-இல், எட்கார் வாரேஸ் என்பவர் 13 முழவுக் கலைஞர்களுக்கென்றே இயற்றிய 'அயனைசேஷன்' என்ற உருப்படி நியூயார்க்கில் அரங்கேறியது.

கதவு திறந்த பின்னும் நெடுங்காலம் கூட்டம் சேரவில்லை. அதற்குரிய காரணங்களைப் புரிந்துகொண்டால் இந்த இசைவடிவத்தின் அருமை விளங்கும். முதற் காரணம் சுருதி. வட்டமான ஒரு தோலைத் தட்டும்போது அதிலிருந்து ஓர் ஒலி மட்டும் பிறப்பதில்லை. பல ஒலிகள் ஒருங்கே பிறக்கின்றன. வீணைத் தந்தியில் பிறக்கும் உப ஒலிகள் அடிப்படை ஒலியின் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று ஒழுங்காக அமைவதால் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே சுரமாக நம் செவியில் விழுகின்றன. சாதாரணத் தோலிலோ அவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்ற விகிதங்களில் அமைகின்றன. ஆகவே செவி அதை ஒரு சுரமாக ஏற்காமல் 'சத்தம்' என்று தள்ளிவிடுகிறது. டிம்பனியில் கிண்ணமும் அதனுள் அடங்கிய காற்றும் இந்தக் குறையை ஓரளவு நிவர்த்தி செய்கின்றன, முற்றிலும் அன்று.

இந்தக் குறையை நம் நாட்டுக் கைவினைஞர்கள் எந்த நூலும் படிக்காமலே தீர்த்துவிட்டார்கள் என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர் ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, அன்றைய இந்திய அரசாங்கத்தின் நிதி இலாகா அதிகாரியாகக் கல்கத்தா சென்று, பின்னர் அவ்வுத்தியோகத்தைத் துறந்து அங்கேயே பல்கலைக்கழகப் பேராசிரியராக அமர்ந்த சி. வி. ராமன், 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் இதைப் பற்றி எழுதினார். மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் நடுவே பூசப்படும் கருமையான கரணை, தோலின் கனத்தை இடத்துக்கு இடம் மாற்றி, உப ஒலிகளைத் தந்தியில் இருப்பதைப் போலவே 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிடுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சியின் முடிவு. நம் முழவு பாட்டோடு சுருதி சேர்ந்து இனிப்பதன் மர்மம் அந்தக் கருப்புப் பூச்சிலேதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் ஒலியின் ஆயுள். வயலினில் வில்லை இழுக்கும் வரையில் சுரம் நீடிக்கும். மரக்கட்டையின் ஒலியோ பிறந்த கணத்திலேயே இறந்துவிடுகிறது. பெரிய காங் என்னும் சேகண்டியை அடித்தால் ஒலி அடங்க நெடுநேரம் ஆகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே, பாட்டின் தொடர்ச்சியை எப்படிக் காட்டுவது? மூன்றாவது காரணம் இடம். வயலின் கலைஞர் ஒரே இடத்தில் நின்று வாசிக்கலாம். முழவுக் கலைஞருக்கு முப்பது வாத்தியங்கள் இருந்தால், அவை மேடையின் முன்புறம் முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. அவர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்க வேண்டும். நடக்கும் நேரமும் இசைக்குள் அடங்க வேண்டும். கையிலுள்ள கோலையும் மாற்ற வேண்டும். வாத்தியங்களை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல லாரி வேண்டும். நான்காவது காரணம்தான் மிக எளியது: தனிக் கலைஞராக முன்மேடையில் நிற்கத் துணிந்த முழவுக் கலைஞர்கள் இல்லை. பின்வரிசை உத்தியோகமே அவர்களுடைய வாழ்வாக இருந்தது.

இந்தக் கடைசிக் குறையைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்து நாட்டு எவலின் க்ளெனி. 1965-இல் அபர்டீன்ஷயர் மாவட்டத்து விவசாயக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். எட்டு வயதளவில் அவருடைய செவிப்புலன் குன்றத் தொடங்கியது. பன்னிரண்டு வயதில் ஏறத்தாழ முழுவதும் மங்கிவிட்டது. அந்நிலையில் பெற்றோரும் மருத்துவரும் ஒரு பெண்ணைச் சங்கீதத்தின் பக்கம் அனுப்புவார்களா? ஆயினும் பள்ளியில் முழவு கற்பித்த ஆசிரியர், அவளுடைய கைகளைச் சுவரில் வைக்கச் சொல்லி, டிம்பனியை வாசித்தார். எந்தச் சுரம் விரல் நுனியில் அதிர்கிறது, எது மணிக்கட்டில், எது முழங்காலுக்குக் கீழே என்று அந்தச் சிறுமி பகுத்தறியக் கற்றுக்கொண்டாள். லண்டன் ராயல் மியூசிக் அகாடமியில் சேர விண்ணப்பித்தபோது, செவிப்புலன் இழந்தவருக்கு வாத்தியக்காரராக எதிர்காலம் உண்டா என்ற ஐயத்தால் தடை எழுந்தது. வாசிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள், குறையைப் பார்த்து அன்று என அவர் வாதாடி இடம்பெற்றார். அந்த வாதம் அவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின் வந்த மாணவர்களுக்கும் வழி திறந்தது. மேடையில் அவர் வெறுங்காலோடு நின்று வாசிப்பது அலங்காரத்துக்காக அன்று. மேடைப் பலகையின் அதிர்வை உள்ளங்கால் உணர வேண்டும் என்பதற்காகவே. தனி முழவு வாசிப்பையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட முதல் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

அவருக்காக எழுதப்பட்ட உருப்படிகளுள் புகழ் பெற்றது, அவருடைய நாட்டினரான ஜேம்ஸ் மக்மிலன் இயற்றிய 'வேனி, வேனி, இம்மானுவேல்'. 1959-இல் பிறந்த மக்மிலன், கத்தோலிக்க சமயப் பற்று மிகுந்தவர். கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் 'அட்வெண்ட்' காலத்தில் தேவாலயங்களில் பாடப்படும் பழைய லத்தீன் கீதம் ஒன்றின் மெட்டையே இந்தக் கன்சர்ட்டோவுக்கு வித்தாக அவர் எடுத்துக்கொண்டார். 1991-ஆம் ஆண்டு அட்வெண்டின் முதல் ஞாயிறன்று எழுதத் தொடங்கி, 1992-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று முடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், பி.பி.சி. நடத்தும் 'ப்ராம்ஸ்' இசை விழாவில் அது அரங்கேறியது. தனிக் கலைஞர் எவலின் க்ளெனி. நடத்துநர் யுக்கா-பெக்கா சரஸ்தே. வாசித்தது ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா.

இந்த ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்டு 1974-இல் தொடங்கப்பட்ட இது, தலைநகர் லண்டனின் பெருங்குழுக்களைப் போன்றதன்று. அளவிற் சிறியது, ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளுக்கும் சிற்றூர்களுக்கும் கோடைக் காலத்திற் பயணம் செய்து வாசிக்கும் பிராந்தியக் குழு. புதிய உருப்படிகள் பெரும்பாலும் இத்தகைய குழுக்களின் ஆதரவில்தான் பிறக்கின்றன. அன்றியும், முழவுக் கன்சர்ட்டோவுக்குச் சிறிய குழு ஒரு குறையே அன்று, அனுகூலம். எண்பது பேர் சேர்ந்து முழங்கினால் மரிம்பாவின் மெல்லிய மரநாதம் கேட்குமா? சிறிய குழு தன் குரலைத் தாழ்த்தினால், சபையின் கடைசி வரிசையிலிருப்பவருக்கும் அந்த நாதம் எட்டும்.

'வேனி, வேனி, இம்மானுவேல்' ஏறக்குறைய 25 நிமிட நேரம் இடைவிடாமல் வாசிக்கப்படுவது. தொடக்கத்தில் எக்காள முழக்கம் போன்றதொரு முன்னுரை. தனிக் கலைஞர் தம் வாத்திய வகைகளையெல்லாம் ஒருமுறை தொட்டுக் காட்டிவிடுகிறார். பின்னர் உலோகமும் மரமும் ஒலிக்கும் பகுதியில், ஆர்க்கெஸ்ட்ராவினுள்ளிருந்து ஒரு துடிப்பு எழுகிறது. அது இதயத் துடிப்பு. விரைந்தும் தளர்ந்தும் மாறிக்கொண்டேயிருக்கிறது. உருப்படி முழுவதிலும் அடிநாதமாக ஓடுகிறது. அடுத்து, கலைஞர் தோல் முழவுகளுக்கு வரும்போது காலப்பிரமாணம் சட்டென்று மாறி, நடனம் போன்ற விரைந்த பகுதி பிறக்கிறது. இந்த மாற்றம் நம் லய வித்வான்கள் நடை மாற்றுவதற்கு ஒப்பானது. பழைய நடையின் ஒரு கூறு புதிய நடையின் அளவுகோலாக ஆகிவிடுகிறது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குச் சுரக் கூட்டங்கள் பந்து எறிவது போலப் பரிமாறப்படுகின்றன.

அதன் பின் வருவதே உருப்படியின் இதயம். ஆரவாரமெல்லாம் அடங்குகிறது. அந்தப் பழைய கீதத்தின் பல்லவியில் 'மகிழ்வாயாக' என்ற பொருளுள்ள சொல்லுக்கு உரிய நான்கே சுரக் கூட்டங்களை, ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர்கள் தாழ்ந்த குரலில், வெவ்வேறு வேகத்தில், மீண்டும் மீண்டும் வாசிக்கிறார்கள். தொலைவில் ஒரு பெருங்கூட்டம் தன்தன் வாய்க்குள் பிரார்த்தனையை முணுமுணுப்பது போல அது கேட்கிறது. அதன் மேல் கலைஞர் மரிம்பாவை வாசிக்கிறார். மரிம்பா என்பது மரப்பலகைகளை வரிசையாக அடுக்கி, கீழே குழாய்களைத் தொங்கவிட்டு, நூல் சுற்றிய கோல்களால் தட்டி வாசிக்கும் பெரிய வாத்தியம். முன்னர் நாம் கண்ட இரண்டு சிக்கல்களுக்கும் இங்கே விடை கிடைக்கிறது. சுருதியுள்ள முழவு பாட்டுப் பாடுகிறது. ஒரே பலகையை விரைவாக உருட்டித் தட்டும்போது, இறந்துபோகும் ஒலி நீண்ட கார்வையாக மாறுகிறது. முழவு என்றால் முழக்கம் என்ற எண்ணத்தோடு வந்தவர் இந்தப் பகுதியில் அந்த எண்ணத்தைக் கைவிட நேரும்.

பிறகு வைபரபோன் என்னும் உலோகப் பலகை வாத்தியத்தின் விரைவான ஓட்டம். அதன் பின்னணியில், இதுவரை சிதறலாக மட்டுமே கேட்டுவந்த பழைய மெட்டு, மெல்ல மெல்ல முழு உருவத்தோடு எழுகிறது. உச்சத்தில் அது கூட்டுப் பாடலாக ஒலிக்க, தொடக்கத்து எக்காள முழக்கமும் திரும்ப வர, தோல் முழவுகளில் கடென்ஸா நிகழ்கிறது. இதயத் துடிப்பு, டிம்பனியிலும் டிரம்களிலும் ஓங்கி அறையப்படுகிறது. இங்கே முடிந்துவிடும் என்று நாம் எண்ணும் வேளையில், ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர்கள் தங்கள் வாத்தியங்களை வைத்துவிட்டுச் சிறுசிறு மணிகளைக் கையிலெடுத்துக் குலுக்கத் தொடங்குகிறார்கள். தனிக் கலைஞர் நடந்து சென்று, உயர்ந்த குழாய் மணிகளை ஒலிக்கிறார். ஈஸ்டர் இரவு வழிபாட்டில் தேவாலய மணிகள் ஒலிக்கும் கணத்தைக் குறிப்பது அது. காத்திருத்தலில் தொடங்கிய உருப்படி, உயிர்த்தெழுதலில் முடிகிறது. கடைசி மணியின் நாதம் காற்றிற் கரையும் வரையில் கைதட்ட எவருக்கும் மனம் வருவதில்லை. அரங்கேற்றத்துக்குப் பின் இந்த உருப்படி உலகின் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான முறை வாசிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொடர்ந்து, 1995-இல் நியூயார்க் பில்ஹார்மானிக் குழு ஜோசப் ஷ்வாண்ட்னரின் கன்சர்ட்டோவையும், 2005-இல் பிலடெல்பியா குழு ஜெனிபர் ஹிக்டனின் கன்சர்ட்டோவையும் அரங்கேற்றின. பின்வரிசையிலிருந்தவர்களுக்கு முன்மேடையில் ஒரு நிரந்தர இடம் ஏற்பட்டுவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வாத்தியங்கள் பல சேர்ந்து எழுதிவைத்த இசையை வாசிக்கும் முறை இந்தியாவுக்கு முற்றிலும் புதிதன்று. அகில இந்திய வானொலி 1952-இல் டில்லியில் தன் வாத்திய விருந்தத்தை அமைத்தபோது, ரவிசங்கரும் டி. கே. ஜயராம ஐயரும் அதற்குப் பொறுப்பேற்றனர் என்பதைப் பழைய நேயர்கள் அறிவார்கள். மேனாட்டு முறையில் அமைந்த தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று, 2006-இல் பம்பாயில், இன்றைய மும்பையில், தேசிய நிகழ்கலை மையத்தின் முயற்சியால் தோன்றியது. சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா ஆப் இந்தியா என்பது அதன் பெயர். அந்தக் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் ஜாகிர் உசேன் இயற்றிய தபலா கன்சர்ட்டோ 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மும்பையில் அரங்கேறியது. தனிக் கலைஞரும் அவரே. நடத்தியவர் சேன் தலால். 'பேஷ்கார்' என்பது உருப்படியின் பெயர். தபலாத் தனி வாசிப்பில் முதலில் வாசிக்கப்படும் விளம்பமான பகுதிக்குப் பேஷ்கார் என்று பெயர். 'முன்வைத்தல்' என்பது சொல்லின் பொருள். முழவை முன்வைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. 2019-இல் இக்குழு பிரிட்டனுக்குச் சென்றபோது இந்தக் கன்சர்ட்டோவையும் எடுத்துச் சென்றது.

ஜாகிர் உசேனின் தந்தை அல்லா ரக்கா, தபலாவைத் துணை நிலையிலிருந்து தனி நிலைக்கு உயர்த்தியவர்களுள் ஒருவர். மகனோ 1970-களில் 'சக்தி' என்ற குழுவில் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு சேர்ந்து வாசித்தவர். தென்னாட்டு லயக் கணக்கின் நுட்பங்களில் அவருக்கு இருந்த ஈடுபாடு யாவரும் அறிந்ததே. 2024 டிசம்பர் 15 அன்று அவர் காலமானார்.

தபலாவை ஆர்க்கெஸ்ட்ராவின் முன் நிறுத்தும்போது, மேனாட்டு முழவுக்கு இல்லாத இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. ராமன் கண்டறிந்த அந்த இனிய ஒழுங்கே முதற் சிக்கல். தபலா ஒரு குறிப்பிட்ட ஷட்ஜத்துக்குச் சுருதி கூட்டப்படுவது. ஆர்க்கெஸ்ட்ரா இசையோ ஆதார சுருதியை இடையிடையே மாற்றிக்கொண்டே செல்லும் இயல்புடையது. சுருதியில்லாத டிரம் எந்த மாற்றத்துக்கும் இடம் கொடுக்கும். சுருதியுள்ள தபலாவோ மாற்றத்துக்குப் பின்னும் பழைய ஷட்ஜத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே இயற்றுபவர் ஆதார சுருதியை அதிகம் விட்டு நகராமல் எழுத வேண்டும். அல்லது வெவ்வேறு சுருதி கூட்டிய பல தபலாக்களைக் கலைஞர் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சிக்கல் மனோதர்மம். தாளில் எழுதியதை எழுதியவாறே வாசிக்கப் பழகியவர்கள் ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர்கள். எழுதாததைக் கணத்தில் கற்பித்து வாசிக்கப் பழகியவர் இந்தியக் கலைஞர். எண்பது பேருக்கு முன்னால் ஒருவர் தீர்மானத்தை ஓர் ஆவர்த்தம் நீட்டினால் என்னாகும்? கலைஞரும் நடத்துநரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்திருந்தாலன்றி இது நடவாது. இரண்டு சங்கீதங்களும் சந்திக்கும் இடத்தில் உண்மையான சோதனை இதுவே. பட்டுச் சட்டையும் கறுப்புக் கோட்டும் ஒரே மேடையில் தோன்றுவது அன்று.

இத்தகைய உருப்படியைக் கேட்க வாய்க்கும் நேயர்கள் மூன்று செய்திகளைக் கவனிக்கலாம். ஒன்று: மெட்டை மட்டும் தேடாமல் நாதத்தின் தன்மையைத் தொடர்ந்து செல்லுங்கள், தோலிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து உலோகத்துக்கும் கலைஞர் செல்வது ராகம் மாறுவதற்குச் சமம். இரண்டு: கலைஞரின் நடையையும் கையையும் பாருங்கள், அடுத்த ஒலிக்கு அவர் எப்போது ஆயத்தமாகிறார் என்பதில் லயத்தின் பாதி இருக்கிறது. மூன்று: ஆர்க்கெஸ்ட்ரா எப்போது எதிர்க்கிறது, எப்போது ஒதுங்கி வழிவிடுகிறது, எப்போது கலைஞரின் தாளக்கட்டைத் தானே எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். நல்ல கன்சர்ட்டோவில் முழவு ஆரம்பித்து வைத்த சொற்கட்டைக் கடைசியில் வயலின்கள் வாசிப்பதைக் கேட்கலாம். தலைமை மாறியதற்கு அதுவே அடையாளம்.

தாய்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இதில் வேறொரு பயனும் உண்டு. மும்பையில் நரிமன் முனையில் ஆர்க்கெஸ்ட்ராவின் மண்டபம் இருக்கிறது. அதே நகரத்தில், தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடும் சண்முகானந்த சபையும் இருக்கிறது. டில்லியிலும் கல்கத்தாவிலும் நம்மவர் நடத்தும் சபைகள் பல. அங்கெல்லாம் மிருதங்கமும் கஞ்சிராவும் கடமும் கொண்டு தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது, ரசிகர்களில் ஒரு சாரார் எழுந்து காப்பி அருந்தச் செல்வது நாம் எல்லோரும் கண்ட காட்சி. முழவின் குரலைத் தனியே கேட்பதற்காக மேனாட்டார் இருநூறு ஆண்டு காத்திருந்து, புதிய வாத்தியங்களைத் தேடி, புதிய இசைவடிவத்தையே உண்டாக்கினார்கள். நமக்கோ அது ஒவ்வொரு கச்சேரியிலும், சுருதி சுத்தமாக, கால் மணி நேரம் தானாகவே கிடைக்கிறது. காப்பி ஆறிவிடாது, கச்சேரி முடிந்த பிறகும் அருந்தலாம்.